பெட்டி மேல் ஒட்டிய விலை

திருமழிசை தொழிற்பேட்டையில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கம்பெனி ஒன்றில் நாகவல்லிக்கு வேலை. தைப்பது அல்ல. தைத்து முடித்ததைச் சரிபார்த்து, பெட்டியில் அடைத்து, பெட்டியின் வலது மூலையில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டுவது. பொருளின் பெயர், தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை, அந்த விலைக்குக் கீழே பொடி எழுத்தில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்ற வாசகம். பதினோரு ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறார். சீட்டு கோணலாக இருந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். சீட்டே இல்லாமல் பெட்டி வெளியே போனால் கம்பெனிக்கு அபராதம்.

வயது நாற்பத்து மூன்று. ஊர், ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயலில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதைப் பார்த்து யாராவது எப்படி இருந்த பூமி என்று உருகினால் நாகவல்லிக்குச் சிரிப்பு வரும்.

"அதுல எங்களுக்கு இன்னா பங்கா இருந்துச்சு? அப்பவும் வெளிய நின்னு பாத்தோம், இப்பவும் வெளிய நின்னு பாக்கறோம். இப்ப லிப்டு கீது, அவ்ளோதான்" என்பார்.

கணவர் வேம்புலி தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மகள் நிஷா வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். கொரோனா காலத்தில் வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, ஆவடியில் மூடப்பட்ட ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து நிஷாவுக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பள்ளி திறந்ததும் நிஷா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாகவல்லி பார்த்தார். அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றின் இலவச மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அம்புக்குறி விசையைத் தட்டினார். லாரி நகர்ந்தது. அன்று மதியம் அந்த வீட்டில் மூன்று மணிக்குத்தான் சோறு.

அப்படித்தான் ஆரம்பித்தது. முழு விளையாட்டின் விலை எழுநூற்றுச் சொச்சம். அந்த விலையில் வாங்குவது நாகவல்லியின் குணத்துக்கு ஒத்துவராது. நான்கு மாதம் காத்திருந்தார். எண்பது சதவீதத் தள்ளுபடி வந்த அன்று நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்க்கு வாங்கினார். பிறகு பேருந்து ஓட்டும் விளையாட்டு, ரயில் ஓட்டும் விளையாட்டு, பனிமலையில் மரம் ஏற்றும் விளையாட்டு. எதற்கும் இருநூறு ரூபாயைத் தாண்டியதில்லை. கோடை, தீபாவளி, ஆண்டு இறுதி, பொங்கல் என்று வருடத்துக்கு நான்கு பெரிய தள்ளுபடிகள். அவருடைய பஞ்சாங்கத்தில் இந்த நான்கும்தான் விசேஷங்கள்.

தனக்குத் தெரிந்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் இல்லை. 'வெல கொறஞ்சா சொல்லு' என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார். ஐந்து மாடிக் குடியிருப்பின் ஐடி ஊழியர்கள், வேலப்பன்சாவடி மாணவர்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆட்கள் என்று அறுபது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஒரு விளையாட்டின் விலை எப்போது விழும், எவ்வளவு விழும் என்று நாகவல்லி சொன்னால் பெரும்பாலும் விழும். ஜோதிடம் இல்லை. போன ஆண்டு எப்போது விழுந்தது என்று குறித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டுக் கடைகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. திரையில் இருநூறு என்று போட்டிருந்தால் இருநூறுதான் எடுப்பார்கள். வரி அதற்குள்ளேயே அடக்கம். ஐந்தாண்டு இப்படி வாங்கிப் பழகியதில், பணம் கட்டும் கடைசிப் பக்கத்தை நாகவல்லி படிப்பதையே விட்டுவிட்டார்.

ஸ்டீயரிங் வாங்கும் யோசனை பேபியுடையது. பேபி தையல் பிரிவில் மூத்தவர், ஐம்பது வயது, பருத்திப்பட்டில் வீடு. கம்பெனியில் சரக்கு வேன் ஓட்ட ஆள் எடுக்கப்போகிறார்கள், லைசென்ஸ் இருந்தால் பெண்களையும் எடுப்பார்கள் என்று பேச்சு வந்தது. சம்பளம் தையலைவிட நாலாயிரம் அதிகம். டிரைவிங் ஸ்கூலிலோ ஏழாயிரம் வாங்கிக்கொண்டு, பத்து நாளைக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம் உட்கார வைக்கிறார்கள். அதற்குள் கால் கிளட்சைத் தேடிக் கண்டுபிடிக்கவே சரியாக இருக்கும்.

"உன் ஊட்டுல கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டிக்கினு கீறியே, அதுக்கு ஸ்டீயரிங், பெடலு எல்லாம் விக்கறாங்களாமே" என்று பேபி கேட்டார். "அதுல ஒரு மாசம் பயத்தத் தெளியவெச்சுக்கினு அப்புறம் ஸ்கூலுக்குப் போலாம்."

மூன்று பெடல், கியர் தண்டு எல்லாம் சேர்ந்த ஸ்டீயரிங் ஒன்றின் விலை பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. நாகவல்லி இரண்டு மாதம் அதன் விலையைக் கண்காணித்தார். ஒரு வியாழக்கிழமை, அதை விற்கும் இணையக் கடையிலிருந்து செய்தி வந்தது. மறுநாள் ஒருநாள் மட்டும் பாதி விலை, 7,999. காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. நாகவல்லி, பேபி, கூட வேலை செய்யும் விஜி, தாட்சாயிணி என்று நான்கு பேர் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டார்கள். மீதி ஒரு ரூபாயை என்ன செய்வது என்று கம்பெனி வேனில் ஆவடி வரை சண்டை நடந்தது.

கம்பெனியில் செல்போனை லாக்கரில் வைக்க வேண்டும். காலைத் தேநீர் இடைவேளை பத்து நாற்பதுக்கு, பத்தே நிமிடம். வெள்ளிக்கிழமை நான்கு பேரும் டம்ளரும் கையுமாக லாக்கர் அருகே கூடினார்கள்.

"இப்ப வேணாம்டி" என்றார் பேபி. "வெள்ளிக்கெழம பத்தரை பன்னெண்டு ராகுகாலம். எட்டாயிரம் போட்டு ஒரு பொருள் எடுக்கறோம். சோத்து டைம்ல வாங்கு."

"சோத்து டைம் பன்னெண்டரை. கட பன்னெண்டுக்கே மூடிடும்க்கா."

"ஆன்லைன் கடைக்கி இன்னா ஷட்டரா கீது?"

"மூணே மூணுதான் பாக்கினு போட்டுக்கீறான் பாரு."

"போட்டுக்கட்டும். ராகுகாலத்துல எவ வாங்குவா?"

"அதான்க்கா நானும் சொல்றேன்" என்றார் நாகவல்லி. "ஊரே கைய கட்டிக்கினு நிக்குது. நமக்குக் கெடைக்கும்."

விஜி பேபியைப் பார்த்தார். தாட்சாயிணி டம்ளரைப் பார்த்தார். மணி பத்து நாற்பத்து நான்கு. திரையில் ஒரு கடிகாரம் நொடிகளைத் தின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசரின் நிழல் வாசலில் தெரிந்ததும் நாகவல்லி வாங்கு என்ற பொத்தானை அழுத்தி, ரகசிய எண்ணைத் தட்டி, போனை லாக்கருக்குள் போட்டுவிட்டு ஓடினார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் வங்கிச் செய்தியைப் படித்தார். அவர் கணக்கிலிருந்து போனது 9,438 ரூபாய் 82 காசு. ரசீதைத் திறந்தார். பொருளின் விலை 7,999. ஜிஎஸ்டி பதினெட்டு சதவீதம், 1,439 ரூபாய் 82 காசு.

"பாத்தியா" என்றார் பேபி. புளிசாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அதிகமாகப் போன ஆயிரத்து நானூற்று நாற்பதைப் பற்றி யாரும் நாகவல்லியிடம் கேட்கவில்லை, தங்கள் பங்கைக் கொடுக்கவும் இல்லை. ஆனால் மாலை வேனில் பேபி தன் முடிவைச் சொன்னார்.

"ராகு மொதல்லயே வாயத் தொறந்துட்டான். இத வெச்சுக்கினு நான் வண்டி கத்துக்கினு ரோட்டுல போனா இன்னா ஆவும்? பொட்டி வந்தா பிரிக்காத. திருப்பி அனுப்பிட்டு என் ரெண்டாயிரத்தக் குடு."

"எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் கீது" என்றார் விஜி.

இரண்டு பேர் விலகினால் மொத்தமும் போச்சு. நாகவல்லியிடம் அந்த நான்காயிரம் இல்லை. பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள், முத்திரை பிரிக்காமல் இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்பது கடையின் விதி.

ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு முடியவேண்டிய விற்பனையை அந்தக் கடை அன்றிரவு வரை நீட்டித்திருந்தது. மூன்றே மூன்று என்று சொன்ன ஸ்டீயரிங் சாயங்காலமும் மூன்றே மூன்றாகத்தான் இருந்திருக்கிறது. நாகவல்லி தலையில் அடித்துக்கொண்டார். இதில் மட்டும் பேபி சொன்னது சரி. இணையக் கடைக்கு ஷட்டர் கிடையாது.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. வேம்புலி அதைத் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"ஒரு ஓரமா பிரிச்சுப் பாத்துட்டு திருப்பி ஒட்டிரலாமே."

"யோவ், கைய எடு."

"கிளட்ச்சு எப்டி கீதுனு ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு..."

"நீ லாரில அமுக்குறது போதும்."

பெட்டியைப் பீரோ மேல் ஏற்றும்போதுதான் நாகவல்லியின் கண் அதன் வலது மூலைக்குப் போனது. பழக்க தோஷம். சீட்டு நேராக ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. அதிகபட்ச சில்லறை விலை ரூபாய் 15,999. கீழே பொடி எழுத்து. அனைத்து வரிகளும் உட்பட.

பெட்டியைத் திரும்பக் கீழே இறக்கித் தரையில் வைத்து, அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பதினோரு ஆண்டுகளாகத் தன் கையால் ஒட்டிய வாசகத்தை அன்றுதான் வாங்கியவராகப் படித்தார்.

கணக்கு எளிது. பதினைந்தாயிரத்துச் சொச்சத்தில் வரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதில் பாதி என்று விளம்பரம் செய்தால், அந்தப் பாதிக்குள்ளும் வரி இருக்கிறது. அதன் தலையில் இன்னொரு பதினெட்டு சதவீதம் ஏற்றினால் தள்ளுபடி ஐம்பது அல்ல, நாற்பத்தொன்று. ஐம்பது என்று கூவி அழைத்து நாற்பத்தொன்றைக் கையில் திணிப்பதற்குப் பெயர் வரி அல்ல, பொய். இப்படித் தள்ளுபடி விலைக்கு மேல் வரி வாங்குவது முறையற்ற வணிகம் என்று நுகர்வோர் ஆணையங்கள் முன்பே சொல்லியிருக்கின்றன. ஆனால் தீர்ப்பு எங்கோ ஒரு தாளில் இருக்கிறது, பணம் கட்டும் பொத்தான் நம் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது. வரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் அடங்கிவிடுகிறார்கள். அரசாங்கம் கேட்கிறது போலும் என்று நினைக்கிறார்கள். மாதம் பதினாலாயிரம் வாங்குகிறவருக்கும் பதினாலு லட்சம் வாங்குகிறவருக்கும் ஒரே பதினெட்டு சதவீதம் என்பதே ஓர் அநியாயம். அந்த அநியாயத்தின் முகமூடியைக் கடைக்காரனும் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டால் எங்கே போய்ச் சொல்வது? அப்புறம் பழியைத் தூக்கி வானத்தில் இல்லாத ஒரு கிரகத்தின் மேல் போட்டுவிடுகிறோம். அது ரசீதும் கேட்காது, மறுப்பும் தெரிவிக்காது.

நாகவல்லி எங்கே போய்ச் சொல்வது என்று யோசிக்கவில்லை. மறுநாள் மாலையே கடையின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டார். பதினேழு நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு பாபு என்ற ஒருவர் தமிழில் பேசினார்.

"மேடம், ஜிஎஸ்டி கவர்மென்ட் போடறது மேடம். எங்க கையில எதுவும் இல்ல."

"கவர்மென்ட் போடறதுதான் தம்பி. பொட்டி மேல அதையும் சேத்துதான் வெல போட்டுக்கீது. நீயே பாரு."

"அது எம்ஆர்பி மேடம். நீங்க வாங்கினது ஆஃபர் பிரைஸ்."

"ஆஃபரு எதுல குடுத்த? எம்ஆர்பிலதானே? ஓட்டல்ல ஃபுல் மீல்ஸு நூறு ரூபா, இன்னிக்கி பாதி வெலனு போர்டு போட்டுட்டு, சாப்ட்டு முடிச்சப்பறம் சாம்பாருக்குத் தனியா காசு கேட்டா குடுப்பியா?"

"பாலிசி அப்டி மேடம்."

"எந்த ஊரு தம்பி நீ?"

"திருத்தணி மேடம்."

"உங்க ஊட்டுல இப்டி வாங்கியிருந்தா இன்னா பண்ணுவ?"

மறுபடி பாட்டு ஓடியது.

அன்று இரவே அரசின் நுகர்வோர் உதவி இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்தார். பெட்டிச் சீட்டின் படம், விளம்பரத்தின் படம், ரசீது மூன்றையும் நிஷா ஏற்றிக் கொடுத்தாள். புகார் எண் வந்தது. ஆனால் புகார் ஒரு பக்கம். பேபி இன்னொரு பக்கம். கடை தப்பு செய்தது என்று நிரூபித்தாலும், அந்தத் தப்பு நம்மைத் தேடி வந்ததே ராகுவால்தான் என்று பேபி சொல்லிவிடுவார். அவருக்கு வேறு மாதிரி சான்று வேண்டும்.

தன் குழுவில் நாகவல்லி எழுதினார். 'வெள்ளிக்கெழம அந்தக் கடைல யாரெல்லாம் எது வாங்குனீங்க? பில்ல அனுப்புங்க. டைம் தெரியறமாரி.'

முதலில் பதில் போட்டவர் வர்ஷா. ஐந்து மாடிக் குடியிருப்பில் இருக்கிறார், மென்பொருள் வேலை, ஊர் சிவகாசி. கார் பந்தய விளையாட்டுக்காகத் தலையில் மாட்டும் ஹெட்போன் வாங்கியிருந்தார். அன்று மாமியார் ஊரிலிருந்து வந்திருந்ததால் ராகுகாலம் முடியும் வரை காத்திருந்து, பகல் பன்னிரண்டு பதினாலுக்கு வாங்கியதாக எழுதினார். வரியைக் கவனிக்கவே இல்லையாம். வியாழன் வரை பதினோரு ரசீதுகள் சேர்ந்தன. நாகவல்லி வீணாய்ப்போன ஒரு வெள்ளைச் சீட்டுத் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினார். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் வரி.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை பேபியின் முன் வைத்தார்.

"இது நான். பத்து நாப்பத்தி நாலு. ராகுகாலம். எவ்ளோ?"

"பதினெட்டு" என்று விஜி எட்டிப் பார்த்துப் படித்தார்.

"இது வர்ஷா. மாமியாரு நேரம் பாத்துக் குடுத்து, ராகுகாலம் போன அப்பறம் வாங்குனது. எவ்ளோ?"

"பதினெட்டு."

"மூணு இருவது" என்று பேபி விரல் வைத்தார். "இது எமகண்டம்."

"பதினெட்டுதான்க்கா. எமகண்டத்துக்குனு தனியா ஏத்தல. இது சாயங்காலம் அஞ்சு அஞ்சு, நல்ல நேரம். நல்ல நேரத்துக்குனு கொறைக்கவும் இல்ல. பன்னெண்டு பேரு, பன்னெண்டு டைமு, ஒரே பதினெட்டு."

தாட்சாயிணி முதல்முறையாக வாயைத் திறந்தார். "ராகு அவ்ளோ ஒழுங்கா கணக்குப் போடமாட்டானே."

விஜிக்குப் புரையேறியது. பேபி சிரிக்கவில்லை. தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"யோசிக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை கடைசி நாள். அன்று இரவு பன்னிரண்டுக்குள் திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி நாகவல்லியின் தலையில். மாலை வேன் பூந்தமல்லியைத் தாண்டும்போது போன் அடித்தது. இந்த முறை பாபுவின் மேலதிகாரி. வேனில் இரைச்சல் அதிகம் என்பதால் நாகவல்லி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், உங்க கம்ப்ளெயின்ட் பார்த்தோம். உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா அந்த ஜிஎஸ்டி அமௌன்ட ரீஃபண்ட் பண்றோம். இன்னிக்கே வந்துடும். நீங்க கம்ப்ளெயின்ட வாபஸ் வாங்கிட்டா போதும்."

டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"மீதி பதினோரு பேருக்கு?"

"அவங்க யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே மேடம்."

"அவங்களுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா பண்ணுவாங்க. அவங்க பில்லும் என் கைலதான் கீது."

"உங்களுக்கு வர்றத நீங்க வாங்கிக்கலாமே மேடம்."

"பன்னெண்டு பேருக்கும் போடுங்க. அன்னிக்கே வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் நாகவல்லி. போனை வைத்துவிட்டார். ஆயிரத்து நானூற்று நாற்பது ரூபாய் அவருக்கு மூன்று நாள் சம்பளம். பணமும் வரவில்லை, பேபியின் முடிவும் வரவில்லை, நேரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

முன் இருக்கையிலிருந்து பேபி திரும்பினார். "அந்தப் பதினோரு பேர்ல உனக்கு யாராச்சும் சொந்தமா?"

"இல்லக்கா."

"மூஞ்சியாச்சும் பாத்துக்கீறியா?"

"நாலு பேரப் பாத்துக்கீறேன்."

"பின்ன இன்னாத்துக்குடி வந்த காச வேணாம்னுட்ட?"

"அவங்க பில்லக் காட்டித்தானே நான் பேசினேன். காசு வரும்போது மட்டும் நான் தனியாளா?"

பேபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காடுவெட்டி நிறுத்தம் போனது. பருத்திப்பட்டு வந்தது. வேன் நின்றது.

"பேபிக்கா, எறங்கலையா?" என்றார் டிரைவர்.

"வண்டிய எடு. ஆவடி வரைக்கும் வரேன்."

விஜியும் தாட்சாயிணியும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, தங்கள் நிறுத்தம் வந்தபோது அவர்களும் இறங்கவில்லை. ஆவடியில் ஷேர் ஆட்டோ பிடித்து நால்வரும் வெள்ளானூர் வந்து சேர்ந்தார்கள். வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்த வேம்புலி, நான்கு பெண்கள் பேசாமல் நடந்து வருவதைப் பார்த்து ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துக் குழாயை மூடினார்.

"அண்ணாத்தே, ஒரு கத்தி குடு" என்றார் பேபி.

"எதுக்கும்மா?"

"குடுனா குடேன்."

பீரோ மேலிருந்து பெட்டி இறங்கியது. பேபி கத்தியை முத்திரையின் மேல் வைத்தார். பிறகு நாகவல்லியைப் பார்த்துச் சொன்னார். "ராகுவ நான் உட்டுட்டேன்னு நெனைக்காத. என் ஊட்டு நல்லது கெட்டதுக்கு நான் பாக்கறத பாத்துக்கினுதான் இருப்பேன். ஆனா அந்தப் பதினெட்டு பர்சென்ட்டு அவன் இல்ல."

சரக்கென்று கிழித்தார்.

இதற்கு மேல் அவரிடம் வாதம் செய்ய நாகவல்லிக்கு மனமில்லை. பத்தே நாளில் ஐம்பது ஆண்டு நம்பிக்கையிலிருந்து ஒரு சதவீதக் கணக்கையாவது வெளியே எடுத்ததற்கே ஒரு மாநாடு நடத்தலாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாலை நேரங்கள் வேறு மாதிரி ஆயின. வாரத்தில் மூன்று நாள் நால்வரும் கூடினார்கள். ஸ்டீயரிங்கை மேசையில் இறுக்கிப் பொருத்தியது வேம்புலி. பெடல் நகராமல் இருக்கப் பின்னால் அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்ததும் அவர்தான். இருபது ஆண்டு லாரி ஓட்டியவர் தன் முறை வந்தபோது விளையாட்டில் ஏறி உட்கார்ந்து, முதல் திருப்பத்திலேயே ஒரு பால் வண்டியில் மோதினார்.

"இது ரோடே இல்ல" என்றார்.

"எறங்கு எறங்கு" என்றார்கள் நான்கு பேரும்.

விஜி கிளட்சை விடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பழக்கம் போக ஒரு வாரம் ஆனது. தாட்சாயிணி மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். பின்னால் வரும் கம்ப்யூட்டர் லாரிகள் ஒலியெழுப்பினால் அவற்றுக்குப் பதில் சொன்னார். பேபிதான் ஆச்சரியம். தையல் மிஷினில் முப்பது ஆண்டு மிதித்த கால். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஓடும் என்று அந்தக் காலுக்குத் தெரிந்திருந்தது.

பெட்டி பிரித்துப் பன்னிரண்டாம் நாள், மாலை ஏழு மணி இருக்கும். பேபி இருபது டன் இரும்பை ஏற்றிக்கொண்டு ஒரு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார். செங்குத்தான ஏற்றம். இரண்டு முறை வண்டி நின்று பின்னால் உருண்டது. மூன்றாம் முயற்சி.

நாகவல்லியின் போனில் குழுவின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. வர்ஷா, பிறகு அம்பத்தூர்க்காரர் ஒருவர், பிறகு இரண்டு மாணவர்கள். எல்லாம் வங்கிச் செய்தியின் படங்கள். கடைசியாக அவருடைய சொந்த வங்கியிலிருந்தும் வந்தது. 1,439 ரூபாய் 82 காசு வரவு. கடையின் மின்னஞ்சலும் இருந்தது. அன்றைய விற்பனையில் தள்ளுபடி விலைக்கு மேல் வசூலித்த வரியை வாங்கிய அனைவருக்கும் திருப்பித் தருகிறோம், இனி காட்டும் விலையே இறுதி விலை என்று இரண்டு வாக்கியம். மன்னிப்பு என்ற சொல் இல்லை. அந்தச் சொல்லுக்கு எத்தனை சதவீத வரியோ.

"அக்கா, காசு வந்துடுச்சு" என்றார் நாகவல்லி. "எல்லாருக்கும். பன்னெண்டு பேருக்கும் இல்ல, அன்னிக்கு வாங்குன எல்லாருக்குமே."

"ஸ்ஸ்" என்றார் விஜி.

"கேளேன். இனிமே போடற வெலதான் வெலயாம்."

"சும்மா இருமே" என்றார் பேபி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டாவது கியர்ல கீறேன். பின்னாடி வேற ஒருத்தன் ஒட்டிக்கினு வரான்."

வேம்புலி கதவோரம் சாய்ந்து நின்றார். "மெதுவா. கிளட்ச்ச பாதி மட்டும் உடு. ஆங். இப்போ ஆக்சிலேட்டர். குடு, குடு."

லாரி முனகியது. நடுங்கியது. ஏறியது.

நாகவல்லி போனைத் தலைகீழாகக் கட்டிலில் கவிழ்த்துவிட்டு, அம்மிக்கல் நகராமல் காலால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார்.